செப்டம்பரில் பள்ளியிலிருந்து வரும் கடிதக் கட்டு: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த தமிழ்ப் பெற்றோருக்கு

கோடை விடுமுறை முடிந்து செப்டம்பர் முதல் வாரத்தில் பள்ளி திறந்ததும், பிள்ளையின் பையில் ஒரு கட்டுத் தாள், மின்னஞ்சலில் நாலைந்து கடிதங்கள், போனில் பள்ளிச் செயலியின் அறிவிப்புகள் என்று எல்லாம் ஒன்றாக வந்து சேரும். நாம் படித்த பள்ளிக்கூடங்களில் முக்கியமான விஷயம் என்றால் டைரியில் எழுதி வரும், இல்லாவிட்டால் வாசலில் வைத்து ஆசிரியரே சொல்லிவிடுவார். இங்கிலாந்துப் பள்ளிகள் பெரும்பாலும் எழுத்தில்தான் பேசும். அனுப்பிய கடிதத்தை நீங்கள் படித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டே அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

நாங்கள் வந்த முதல் ஆண்டு அந்தக் கட்டை ‘சனிக்கிழமை பார்க்கலாம்’ என்று அலமாரியில் வைத்தோம். பிறகு மறந்தே போனது. அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, மழையில், பூட்டிய வாசல் முன்னால் பிள்ளையோடு நின்றபோதுதான் அன்று ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி நாள் என்று தெரிந்தது. தேதி அந்தக் கட்டின் இரண்டாம் தாளிலேயே இருந்தது. அன்றைய சம்பளம் போனது. புதிதாக வருகிற யாருக்கும் அப்படி ஒரு காலை அமையக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இதில் சொல்வதெல்லாம் இங்கிலாந்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளைப் பற்றியது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனி விதிகள் உண்டு.

முதலில் சில சொற்கள்

கடிதத்தில் ‘ரிசப்ஷன்’ என்று இருந்தால் அது வரவேற்பறை என்று நினைத்துவிட வேண்டாம். நான்கு வயது முடிந்த பிள்ளைகள் சேரும் முதல் வகுப்புக்கே அதுதான் பெயர். அதற்கு அடுத்தது இயர் ஒன், அப்படியே இயர் சிக்ஸ் வரை தொடக்கப் பள்ளி. ரிசப்ஷனும் நர்சரியும் சேர்ந்தது ‘ஈ.ஒய்.எஃப்.எஸ்.’. இயர் ஒன், டூ இரண்டும் ‘கீ ஸ்டேஜ் ஒன்’. மூன்று முதல் ஆறு வரை ‘கீ ஸ்டேஜ் டூ’. கடிதங்களில் வகுப்பின் பெயரைச் சொல்லாமல் இந்தச் சுருக்கப் பெயர்களைத்தான் போடுவார்கள். உங்கள் பிள்ளைக்கு உரியது எது என்று தெரிந்தால் பாதிக் கடிதங்களை உடனே ஒதுக்கிவிடலாம்.

ஆண்டு மூன்று பருவமாகப் பிரியும். ஒவ்வொரு பருவத்தின் நடுவிலும் ஒரு வார விடுமுறை, அதுதான் ‘ஹாஃப் டெர்ம்’. அக்டோபர் கடைசி, பிப்ரவரி நடு, மே கடைசி என்று வரும். மேலே சொன்ன ஆசிரியர் பயிற்சி நாளுக்கு ‘இன்செட் டே’ என்று பெயர். பொதுவாக ஆண்டுக்கு ஐந்து நாள். அவை பள்ளிக்குப் பள்ளி மாறும் என்பதால் பக்கத்துத் தெருப் பிள்ளை பள்ளிக்குப் போகிறதே என்று பார்த்து முடிவு செய்ய முடியாது.

கட்டைப் பிரிப்பது

முதல் நாள் மாலையே உட்கார்ந்துவிடுங்கள். இருபது நிமிடம் போதும். தாள்களையும் மின்னஞ்சல்களையும் மூன்றாகப் பிரியுங்கள்: தேதி உள்ளவை, பதிலோ கையெழுத்தோ கேட்பவை, விதியைச் சொல்பவை. மற்றதெல்லாம் செய்தி, பிறகு படிக்கலாம்.

தேதிகளை அப்போதே போன் நாட்காட்டியில் போட்டு, தாய் தகப்பன் இருவருக்கும் முந்தின நாள் மாலை நினைவூட்டல் வரும்படி வையுங்கள். இன்செட் நாட்கள், ஹாஃப் டெர்ம், உடற்பயிற்சி வகுப்பு இருக்கும் கிழமைகள், ‘மீட் த டீச்சர்’ கூட்டம், படம் எடுக்கும் நாள், பெற்றோர் சந்திப்பு. சில பள்ளிகள் உடற்பயிற்சி நாளில் பிள்ளை அந்த உடையிலேயே வீட்டிலிருந்து வர வேண்டும் என்கின்றன, சில பள்ளிகள் பையில் வைத்து அனுப்பச் சொல்கின்றன. இதைத் தவறவிட்டால் பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாரும் ஒரு உடையில் இருக்கத் தான் மட்டும் வேறு உடையில் நிற்பது புதிதாக வந்த பிள்ளைக்கு எவ்வளவு கனமான விஷயம் என்பது நமக்குத் தெரிய வேண்டும்.

பணம் கட்டவும், சாப்பாடு தெரிவு செய்யவும், சந்திப்புக்கு நேரம் பிடிக்கவும் ஒரு செயலி இருக்கும். சில பள்ளிகளில் இரண்டு மூன்று. அவற்றின் உள்நுழைவுக் கடிதம் பெரும்பாலும் முதல் வாரத்தில் வரும், அதிலுள்ள குறியீடு சில நாளில் காலாவதியாகலாம். அன்றே பதிவு செய்துவிடுங்கள். வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவிலும் சேருங்கள், நல்ல உதவி. ஆனால் அங்கே சொல்லப்படும் விதியைப் பள்ளியின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்த பிறகே நம்புங்கள். நடத்தை விதி, கட்டண விதி, புகார் நடைமுறை, சிறப்புத் தேவைகள் குறித்த அறிக்கை எல்லாவற்றையும் அரசுப் பள்ளிகள் தங்கள் தளத்தில் வெளியிட்டே ஆக வேண்டும்.

தகவல் படிவத்தை அவசரத்தில் நிரப்பாதீர்கள்

பெயர் என்ற முதல் கட்டத்திலேயே நம்மவர்களுக்குச் சிக்கல் தொடங்கிவிடும். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக இல்லை. அப்பாவின் பெயர் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துவிடும், அப்புறம் பிள்ளையைத் தாத்தா பெயரிலோ அப்பா பெயரிலோ கூப்பிடுவார்கள். கடவுச்சீட்டில் இருப்பதை அப்படியே சட்டப் பெயராக எழுதுங்கள். பெரும்பாலான படிவங்களில் ‘எப்படி அழைக்கப்படுகிறார்’ என்று இன்னொரு கட்டம் இருக்கும். அங்கே கூப்பிடும் பெயரை எழுதி, அதை எப்படி உச்சரிப்பது என்று வகுப்பாசிரியரிடம் நேரில் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். ‘கஷ்டமாக இருந்தால் சுருக்கிக் கூப்பிடுங்கள்’ என்று நாமே முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம். ஆசிரியர்கள் சரியாகச் சொல்லத்தான் விரும்புகிறார்கள், இரண்டு நாளில் பழகிவிடுவார்கள்.

வீட்டு மொழி என்ற கட்டத்தில் தமிழ் என்று எழுதுங்கள். ஆங்கிலம் என்று போட்டால் பிள்ளைக்கு மதிப்புக் கூடும் என்று நினைத்துப் பலர் மாற்றி எழுதுகிறார்கள். நடப்பது நேர்மாறு. ஆங்கிலம் வீட்டு மொழியாக இல்லாத பிள்ளைகளை ‘ஈ.ஏ.எல்.’ என்று குறித்து அதற்கேற்ற உதவியைத் திட்டமிடுவார்கள். அந்தப் பிள்ளை இங்கிலாந்து அரசுப் பள்ளிகளில் நுழைந்த முதல் மூன்று ஆண்டுகளுக்குப் பள்ளிகளுக்கான நிதிக் கணக்கிலும் இது சேரும். மறைத்தால், புதிதாக வந்ததால் பேசத் தயங்கும் பிள்ளையைக் கற்றலில் பின்தங்கியதாக யாராவது தவறாக எண்ண நேரலாம்.

அவசரத் தொடர்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எண் கேட்பார்கள். சொந்தக்காரர் யாரும் இல்லாத நாட்டில் இது கடினம்தான். பள்ளிக்கு அருகில் வசிக்கும், நீங்கள் நம்பும் ஒருவரிடம் கேட்டு, அவர் சம்மதத்தோடு கொடுங்கள். பிள்ளையை யார் அழைத்துப்போகலாம் என்ற பட்டியலும் இருக்கும். பட்டியலில் இல்லாதவர் சித்தப்பாவே ஆனாலும் உங்களிடம் கேட்காமல் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். சில பள்ளிகள் இதற்குக் கடவுச்சொல் வைத்திருக்கின்றன.

ஒவ்வாமை, ஆஸ்துமா, வலிப்பு எது இருந்தாலும் எழுதுங்கள். இன்ஹேலர் இருந்தால் பிள்ளையின் பெயரோடு ஒன்று பள்ளியில் இருக்க வேண்டும்.

வருகை: இதைத்தான் முதலில் முழுசாகப் படிக்க வேண்டும்

நம் குடும்பங்கள் அதிகம் அடிபடும் இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அரசுப் பள்ளிகள் ஆண்டுக்குச் சுமார் 190 நாள் இயங்கும். ஒவ்வொரு நாளும் காலை, பிற்பகல் என்று இரண்டு அமர்வாகக் கணக்கிடப்படும். ஆகவே ஒரு நாள் வராவிட்டால் இரண்டு அமர்வு போகும். பத்து சதவீதமோ அதற்கு மேலோ தவறினால், அதாவது முழு ஆண்டில் ஏறக்குறைய 19 நாள், பிள்ளை ‘தொடர்ந்து வராதவர்’ என்ற பட்டியலில் வந்துவிடும். காய்ச்சலில் போன நாட்களும் இந்தக் கணக்கில் சேரும்.

பிள்ளைக்கு உடம்பு முடியாவிட்டால் அன்று காலையே, பள்ளி சொல்லும் நேரத்துக்குள், செயலியிலோ தொலைபேசியிலோ தெரிவிக்க வேண்டும். மூன்று நாள் காய்ச்சல் என்றால் மூன்று நாளும் தெரிவிக்கச் சொல்லும் பள்ளிகள் உண்டு. தகவல் இல்லாவிட்டால் வீட்டுக்கு அழைப்பார்கள், எண் கிடைக்காவிட்டால் ஆளே வரலாம். பிள்ளை வழியில் எங்கேயோ காணாமல் போய்விட்டதோ என்ற கவலையில் செய்வது அது. அதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தாமதம் இரண்டு வகை. பதிவேடு திறந்திருக்கும்போது வந்தால் அது தாமதம். பதிவேடு மூடிய பிறகு வந்தால் அந்த அமர்வு முழுவதுமே அனுமதி இல்லாத விடுப்பாகக் குறிக்கப்படலாம். பதிவேட்டை அதிகபட்சம் முப்பது நிமிடம்தான் திறந்து வைக்கலாம். மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகும், அடுத்த திங்கள் காலை தூக்கம் கெடும் என்பதையும் நாட்காட்டியில் எழுதி வையுங்கள்.

இனி அபராதம். 2024 ஆகஸ்டிலிருந்து இங்கிலாந்து முழுவதற்கும் ஒரே அளவுகோல். பத்துப் பள்ளி வாரங்களுக்குள் பத்து அமர்வு, அதாவது ஐந்து நாள், அனுமதி இல்லாமல் தவறினால் அபராதம் தேவையா என்று பரிசீலித்தாக வேண்டும். தொகை 160 பவுண்டு. 21 நாளுக்குள் கட்டினால் 80. அதே பிள்ளைக்காக அதே பெற்றோருக்கு மூன்று ஆண்டுக்குள் இரண்டாம் முறை வந்தால் தள்ளுபடி இல்லை, நேராக 160. மூன்றாம் முறை அபராதச் சீட்டோடு முடியாது, வழக்கு வரை போகலாம். கவனிக்க வேண்டியது, இது ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என்றால் நான்கு சீட்டு. சீக்கிரம் கட்டினாலே 320 பவுண்டு, தாமதித்தால் 640.

பள்ளி நாளில் ஊருக்குப் போக அனுமதி கேட்டால் தலைமை ஆசிரியர் ‘விதிவிலக்கான சூழ்நிலை’ என்றால்தான் தர முடியும். டிக்கெட் மலிவு என்பது அதில் வராது. தங்கையின் கல்யாணம், தாத்தாவின் எண்பதாம் கல்யாணம் என்றால் முடிவு அவர் கையில். சிலர் இரண்டு நாள் தருவார்கள், சிலர் தர மாட்டார்கள். எழுதிக் கேளுங்கள், அழைப்பிதழை இணையுங்கள், டிக்கெட் போடுவதற்கு முன்னால் கேளுங்கள். ஊரில் மரணம் என்றால் அன்றே உள்ளதைச் சொல்லி எழுதுங்கள். ‘காய்ச்சல்’ என்று பொய் சொல்லிவிட்டு விமானம் ஏறுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். திரும்பி வந்த முதல் நாளே பிள்ளை வகுப்பில் கடற்கரைக் கதையைச் சொல்லும். பொய்யைக் காப்பாற்றும் சுமையை ஆறு வயதுப் பிள்ளை தலையில் ஏற்றுவது சரியில்லை.

நீண்ட பயணத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. தொடர்ந்து 20 பள்ளி நாட்கள் அனுமதி இல்லாமல் வராத பிள்ளையின் பெயரை, பள்ளியும் கவுன்சிலும் (உள்ளாட்சி மன்றம்) விசாரித்த பிறகு, பதிவேட்டிலிருந்து நீக்க விதி இடம் தருகிறது. இடம் போனால் மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

பண்டிகைக்கு வழி உண்டு. பெற்றோர் சார்ந்த மத அமைப்பு வழிபாட்டுக்கென்றே ஒதுக்கிய நாளுக்கு அனுமதி பெற்ற விடுப்பு தரப்படும். தீபாவளி, ரம்ஜான் போன்ற நாட்களுக்குப் பல பள்ளிகளில் ஒரு நாள் இப்படிக் கிடைக்கிறது. தைப்பொங்கல் போன்றவற்றுக்குப் பள்ளிக்குப் பள்ளி பார்வை மாறும். எதுவானாலும் ஒரு வாரம் முன்பே எழுதுங்கள்.

ஐந்து வயது நிறைந்ததற்கு அடுத்த பருவத்திலிருந்துதான் கல்வி சட்டப்படி கட்டாயம். ஆகவே ரிசப்ஷனில் இருக்கும் நான்கு வயதுப் பிள்ளைக்கு அபராதம் வராது. அதை நம்பி வாரம் ஒரு நாள் நிறுத்துவது மட்டும் வேண்டாம். நண்பர்கள் சேரும் ஆண்டு அது.

எப்போது வீட்டில் வைப்பது

இருமலும் மூக்கொழுகலும் இருந்து, காய்ச்சல் இல்லாமல் பிள்ளை ஓடியாடினால் அனுப்பலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் கடைசியாக வந்ததிலிருந்து 48 மணி நேரம் வீட்டில். காலையில் சரியாகிவிட்டது என்று அனுப்பினால் திருப்பிக் கூட்டிப்போகச் சொல்வார்கள். சின்னம்மை (சிக்கன்பாக்ஸ்) போட்டால், கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை, குறைந்தது ஐந்து நாள். வீட்டு வழக்கப்படி தலைக்குத் தண்ணீர் விடும்வரை நிறுத்த நினைத்தால் அந்தக் கூடுதல் நாட்களைப் பள்ளி நோயாக ஏற்காமல் போகலாம். பேன் இருப்பதற்காகப் பள்ளியை நிறுத்தத் தேவையே இல்லை, மருந்து போட்டுச் சீவி அனுப்பலாம்.

மருந்தை மதியம் கொடுக்க வேண்டியிருந்தால் பிள்ளையின் பையில் போட்டு அனுப்பாதீர்கள். மருந்துக் கடை ஒட்டிய பெயர்ச் சீட்டோடு, அதே பாட்டிலில், அலுவலகத்தில் நேரில் கொடுத்துப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த மருந்தை அவர்கள் தொட மாட்டார்கள்.

சாப்பாடு

ரிசப்ஷன், இயர் ஒன், டூ பிள்ளைகள் எல்லாருக்கும் 2014 முதல் மதியச் சாப்பாடு இலவசம். வருமானம் கேட்பதில்லை. லண்டனில் 2023 செப்டம்பரிலிருந்து மேயரின் நிதியில் அரசுத் தொடக்கப் பள்ளியின் மேல் வகுப்புகளுக்கும் இலவசம். மற்ற இடங்களில் இயர் த்ரீ முதல் பணம் கட்ட வேண்டும், வருமானம் குறைவான குடும்பங்கள் விண்ணப்பித்தால் இலவசமாகப் பெறலாம். விசாவில் அரசு நிதி உதவி கிடையாது என்று போட்டிருப்பவர்களும் வருமான வரம்புக்குள் இருந்தால் இதற்கு விண்ணப்பிக்கலாம். இது பலருக்குத் தெரியாமலே போகிறது. பிள்ளைக்கு ஏற்கெனவே இலவசச் சாப்பாடு கிடைத்தாலும் தகுதி இருப்பவர்கள் தனியாக விண்ணப்பியுங்கள். அதன் பேரில் ‘பியூபில் பிரீமியம்’ என்ற கூடுதல் நிதி பள்ளிக்குப் போகக்கூடும். சுற்றுலாக் கட்டணம், சீருடை இவற்றில் சில பள்ளிகள் அதைக்கொண்டு உதவுகின்றன.

வீட்டுச் சாப்பாடு அனுப்பினால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. நிறையப் பள்ளிகள் கடலை, முந்திரி வகைகளை முழுவதும் தடை செய்திருக்கின்றன. நம் சமையலில் அவை மறைந்திருக்கும் இடங்கள் அதிகம்: நிலக்கடலைச் சட்னி, எலுமிச்சைச் சாதத்துத் தாளிப்பு, முந்திரி வறுத்துப் போட்ட பொங்கல், இட்லிப் பொடி. பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கு உயிர் போகும் விஷயம் இது. எள்ளுக்கும் சில பள்ளிகளில் தடை உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைக்குத் திராட்சை வைத்தால் நீளவாக்கில் நறுக்கி வையுங்கள்.

பள்ளிச் சாப்பாட்டில் சைவம், ஹலால் வேண்டுமா என்று படிவத்தில் கேட்பார்கள். மாட்டிறைச்சி வேண்டாம், முட்டை மட்டும் சாப்பிடுவோம் என்பது போன்ற கணக்குகள் அந்தக் கட்டங்களில் அடங்காது. ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

சீருடை

பள்ளிச் சின்னம் உள்ள உடை எதெது கட்டாயம் என்று பாருங்கள். சாம்பல் கால்சட்டை, வெள்ளைச் சட்டை போன்றவற்றைச் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கினால் போதும். சின்னம் போட்ட உடைகளைக் குறைவாக வைக்க வேண்டும், பழைய சீருடை கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று 2021-ல் வந்த அரசு வழிகாட்டுதல் பள்ளிகளுக்குச் சொல்கிறது. அலுவலகத்தில் கேளுங்கள், நல்ல உடை மிகக் குறைந்த விலையில் கிடைக்கும். எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள்.

தோட்டைத் தவிர நகை வேண்டாம் என்பது பொதுவான விதி. உடற்பயிற்சி நேரத்தில் தோட்டையும் கழற்றச் சொல்வார்கள். காது குத்த நினைத்திருந்தால் ஜூலையில் பள்ளி மூடியதும் குத்திவிடுங்கள், ஆறு வாரத்தில் புண் ஆறிவிடும். அரைஞாண், கறுப்புக் கயிறு, பொட்டு பற்றிப் பள்ளி கேட்கும்முன் நீங்களே விளக்கிவிடுவது நல்லது.

படிப்பு எப்படி நடக்கிறது

ரிசப்ஷனில் முதல் ஆறு வாரத்துக்குள் ஆசிரியர் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு சிறிய மதிப்பீடு செய்வார். தேர்ச்சி, தோல்வி எதுவும் கிடையாது. அதற்காக வீட்டில் தயார்படுத்த வேண்டாம்.

இயர் ஒன் ஜூன் மாதத்தில் ‘ஃபோனிக்ஸ்’ சோதனை. நாற்பது சொற்களை வாசிக்க வேண்டும், அதில் பாதி அர்த்தமில்லாத சொற்கள். மனப்பாடத்தில் சொல்கிறதா, ஒலி கூட்டி வாசிக்கிறதா என்று பார்க்கத்தான் அப்படி. இங்கே தமிழ் தெரிந்த பெற்றோருக்கு ஒரு வசதி இருக்கிறது. ஃபோனிக்ஸ் முறையில் எழுத்தின் பெயரைச் சொல்லக் கூடாது, அதன் ஒலியை மட்டும் சொல்ல வேண்டும். அதாவது எஸ் என்றும் சொல்லக் கூடாது, ஸ என்றும் சொல்லக் கூடாது, புள்ளி வைத்த ஸ் மட்டும். எம் இல்லை, ம இல்லை, வெறும் ம். மெய்யெழுத்து என்றால் என்ன என்று நமக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அந்தப் புள்ளியை மனதில் வைத்துச் சொல்லிக்கொடுங்கள். ‘இஸ்கூல்’ என்று முன்னால் ஒரு இகரம் சேர்க்கும் பழக்கத்தை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

இயர் ஃபோரில் பெருக்கல் வாய்ப்பாடு. பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 6 விநாடி, கணினியில். இயர் சிக்ஸ் மே மாதத்தில் ‘சாட்ஸ்’ என்ற தேசியத் தேர்வு. இடையில் தரவரிசை, முதல் ரேங்க் என்பதெல்லாம் கிடையாது. ‘என் பிள்ளை வகுப்பில் எத்தனையாவது’ என்று கேட்டால் ஆசிரியரிடம் பதில் இருக்காது. ‘இந்த வயதில் எதிர்பார்க்கும் அளவில் இருக்கிறாளா, வீட்டில் எதைப் பயிற்சி செய்யலாம்’ என்று கேளுங்கள், நிறையச் சொல்வார்கள்.

தினமும் வீட்டுக்கு ஒரு வாசிப்புப் புத்தகமும் குறிப்பேடும் வரும். பத்து நிமிடம் வாசிக்கக் கேட்டு ஒரு வரி எழுதிக் கையெழுத்திடுங்கள். உங்கள் ஆங்கிலத்தை யாரும் அங்கே திருத்தப்போவதில்லை. அப்புறம், வீட்டில் தமிழிலேயே பேசுங்கள். ஆங்கிலம் பள்ளியில் எப்படியும் வந்துவிடும். தமிழைத் தர உங்களைத் தவிர இங்கே ஆள் குறைவு.

கையெழுத்து கேட்கும் தாள்கள்

சுற்றுலாவுக்குப் பணம் கேட்கும் கடிதத்தில் ‘விருப்பப் பங்களிப்பு’ என்று இருக்கும். பள்ளி நேரத்தில் நடக்கும் பயணத்துக்குப் பெற்றோர் பணம் தரவில்லை என்பதற்காக ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாது. ஆனால் போதிய பணம் சேராவிட்டால் பயணமே ரத்தாகலாம். ஆகவே முடிந்தவர்கள் கட்டுங்கள், முடியாதவர்கள் அலுவலகத்தில் தனியாகச் சொல்லுங்கள். இரவு தங்கும் பயணத்தில் தங்குமிடம், உணவுச் செலவைக் கேட்கலாம்.

இலையுதிர் பருவத்தில் ஃப்ளூ தடுப்பு மருந்துக்குச் சம்மதம் கேட்பார்கள். மூக்கில் தெளிப்பது, வலி இல்லை. அதில் பன்றி ஜெலட்டின் இருக்கிறது. அது வேண்டாத குடும்பங்கள் ஊசி வடிவத்தைக் கேட்கலாம். படிவத்தைத் திருப்பாமல் விட்டால் எதுவும் போட மாட்டார்கள். ரிசப்ஷனிலும் இயர் சிக்ஸிலும் உயரம், எடை பார்ப்பார்கள், வேண்டாம் என்றால் எழுதிக் கொடுக்கலாம்.

படம் எடுக்கச் சம்மதம் கேட்கும் தாளில் வகுப்புச் சுவர், இணையதளம், சமூக வலைத்தளம் என்று தனித்தனியாக இருக்கும். சுவருக்கு ஆம், மற்றதுக்கு இல்லை என்று பிரித்துச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

‘உறவுக் கல்வி’ பற்றிய கடிதம் சிலரை அச்சப்படுத்துகிறது. 2020 செப்டம்பரிலிருந்து தொடக்கப் பள்ளிகளில் அது கட்டாயம். நட்பு, குடும்பம், உடல் எல்லை, யாராவது தொந்தரவு செய்தால் யாரிடம் சொல்வது என்பதுதான் பெரும்பகுதி. அதிலிருந்து பிள்ளையை விலக்க முடியாது. அறிவியல் பாடத்துக்கு அப்பால் பாலியல் கல்வி கற்பிக்கப்பட்டால் அதிலிருந்து விலக்கலாம். சமயக் கல்வி, கூட்டு வழிபாடு இரண்டிலிருந்தும் விலக்கும் உரிமை உண்டு. முடிவெடுக்கும்முன் என்ன கற்பிக்கிறார்கள் என்று காட்டச் சொல்லுங்கள், காட்டுவார்கள். பார்த்த பிறகு எங்கள் வீட்டில் எதற்கும் விலக்குக் கேட்கவில்லை.

பாதுகாப்பு பற்றி

ஒவ்வொரு பள்ளியிலும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கென ஒரு பொறுப்பாளர் இருப்பார். பிள்ளை வீட்டில் நடந்ததைச் சொன்னால் ஆசிரியர் அதை இரகசியமாக வைத்திருக்க முடியாது, அந்தப் பொறுப்பாளரிடம் சொல்லியே ஆக வேண்டும். அடித்து வளர்ப்பது நம்மில் பலருக்குச் சாதாரணமாகத் தெரியலாம். இங்கே காயமோ தழும்போ ஏற்படும்படி அடிப்பதும், கரண்டி, பெல்ட் போன்ற பொருளால் அடிப்பதும் வழக்காகலாம். சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. புது நாடு, புது மொழி என்று பகல் முழுதும் தவித்துவிட்டு வரும் பிள்ளைக்கு அடி தேவையில்லை. வீட்டில் தாங்க முடியாத நெருக்கடி என்றால் அந்தப் பொறுப்பாளரிடமே சொல்லி உதவி கேட்கலாம். கணவனால் துன்பப்படும் பெண்களுக்கும் அவர் சரியான வழியைக் காட்ட முடியும்.

கேட்பது எப்படி

வாசலில் காலையில் ஆசிரியருக்கு நேரம் இருக்காது. ‘ஐந்து நிமிடம் பேச வேண்டும், எப்போது வரலாம்’ என்று கேட்டால் நேரம் தருவார்கள். பெண் ஆசிரியரை ‘மிஸ்’ என்றும் ஆண் ஆசிரியரை ‘சார்’ என்றும் பிள்ளைகள்தான் அழைப்பார்கள். பெற்றோர் மிஸ்டர், மிஸஸ், மிஸ் சேர்த்துக் குடும்பப் பெயரைச் சொன்னால் போதும். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், அல்லது மின்னஞ்சலில் எழுதுங்கள். பெரிய பேச்சுக்குப் பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்க வேண்டாம்.

கற்றலில், பேச்சில், கவனத்தில் சந்தேகம் இருந்தால் சிறப்புத் தேவைகளைக் கவனிக்கும் ‘சென்கோ’ என்ற பொறுப்பாளரைச் சந்திக்க வேண்டும் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். பிரச்சினை என்றால் முதலில் வகுப்பாசிரியர், பிறகு தலைமை ஆசிரியர், அதன் பிறகுதான் நிர்வாகக் குழு. ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும் ‘இன்று பேசியது இது’ என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள்.

இலையுதிர் பருவத்தின் பெற்றோர் சந்திப்பு பத்து நிமிடம்தான். கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். பிள்ளை மதிய இடைவேளையில் யாரோடு விளையாடுகிறது என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

அடுத்த பிள்ளைக்கான தேதி

இதையும் இந்த செப்டம்பரிலேயே குறித்துவிடுங்கள். ரிசப்ஷன் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஜனவரி 15, முடிவு தெரிவது ஏப்ரல் 16. 2022 செப்டம்பர் 1-க்கும் 2023 ஆகஸ்ட் 31-க்கும் இடையில் பிறந்த பிள்ளை 2027 செப்டம்பரில் சேரும், ஆகவே 2027 ஜனவரி 15-க்குள் கவுன்சில் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அண்ணன் அக்கா அதே பள்ளியில் படித்தாலும், பிள்ளை அதே பள்ளியின் நர்சரிக்குப் போனாலும் இடம் தானாகக் கிடைக்காது, விண்ணப்பம் போட்டே ஆக வேண்டும். இயர் சிக்ஸ் பிள்ளை இருந்தால் மேல்நிலைப் பள்ளிக்கான கடைசி நாள் அதற்கும் முன்னால், அக்டோபர் 31. அது பெரும்பாலும் ஹாஃப் டெர்ம் விடுமுறையை ஒட்டி வரும் என்பதால், பள்ளிகளைப் பார்க்கும் திறந்த நாட்களுக்கு செப்டம்பரிலேயே பதிவு செய்யுங்கள்.